அவுட்காஸ்ட் இசைத்தொகுப்புகள்

அவுட்காஸ்ட் இசைத்தொகுப்புகள் என்பவை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவைச் சேர்ந்த அவுட்காஸ்ட் என்னும் இருவர் ராப் இசைக்குழு 1994 முதல் 2006 வரை வெளியிட்ட ஆறு இசைத்தொகுப்புகள் ஆகும். ஆன்ட்ரே 3000 என அறியப்படும் ஆன்ட்ரே பெஞ்சமினும், பிக் பாய் என அறியப்படும் ஆன்ட்வான் பாட்டனும் இக்குழுவின் உறுப்பினர்கள். இருவரும் 1975ஆம் ஆண்டில் பிறந்தவர்கள்.

ராப் கலைஞர் ஒருவரின் ஒலியும் தரமும் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றன என்பதற்கு இந்த ஆறு தொகுப்புகளும் சிறந்த எடுத்துக்காட்டாகும். பன்னிரண்டு ஆண்டுகளில் வெளிவந்த இவற்றுள் எதுவும் தனக்கு முந்தையதைப் போல ஒலிப்பதில்லை. முதல் தொகுப்பில் ஆசிரியர்கள் அமைத்த இசைக்கு ராப் செய்த இரு பதின்ம வயதினர், படிப்படியாகத் தம் இசையைத் தாமே அமைக்கக் கற்றனர். அதனால் ஒலி ஒவ்வொரு முறையும் விரிந்தது. ஆயினும் தரம் அதே நேர்கோட்டில் ஏறவில்லை. தொடக்கத்தில் இருவரையும் வளர்த்த அதே சுதந்திரம், பின்னர் அவர்களைத் தனித்தனி அறைகளுக்குக் கொண்டு சென்றது.

சில அடிப்படைச் சொற்கள்

ராப் இசையில் பாடகர் மெட்டுக்குப் பாடுவதைக் காட்டிலும் தாளத்துக்கு ஏற்பச் சொற்களை எதுகை இயைபுடன் விரைந்து சொல்லுவதே முதன்மையானது. இதனாலேயே தமிழில் இது சொல்லிசை என்றும் அழைக்கப்படுகிறது. சொற்களுக்கு அடியில் ஒலிக்கும் இசை 'பீட்' எனப்படும். அதில் தாளம், ஆழ்சுர கிட்டார், விசைப்பலகை முதலியன அடங்கும். பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்துச் சேர்க்கப்படும் ஒலித்துணுக்கு 'சாம்பிள்' எனப்படும்.

இத்துறையில் 'தயாரிப்பாளர்' என்ற சொல், தமிழ்த் திரைத்துறையில் வழங்குவது போலப் பணம் முதலிடுபவரைக் குறிப்பதில்லை. பீட்டை உருவாக்கிப் பாடலின் ஒலியைத் தீர்மானிப்பவரே தயாரிப்பாளர். நமது திரையிசையில் இசையமைப்பாளர் ஆற்றும் பணிக்கு இது நெருக்கமானது. ஆகவே ஒரு ராப் கலைஞரின் ஒலி ஏன் மாறியது என அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது, அத்தொகுப்பின் தயாரிப்பாளர் யார் என்பதையே.

பின்னணி

ராப் இசை 1970களில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் தோன்றியது. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கைச் சார்ந்த கிழக்குக் கரையும், லாஸ் ஏஞ்சலஸைச் சார்ந்த மேற்குக் கரையுமே இவ்விசையின் இரு பெரும் மையங்களாக இருந்தன. மயாமி, ஹூஸ்டன் முதலிய தென்னக நகரங்களிலும் ராப் கலைஞர்கள் இருந்தனர். எனினும் தென்னகம் ஒரு முழுமையான மையமாக மதிக்கப்படவில்லை.

ஆன்ட்ரேயும் பிக் பாயும் அட்லாண்டாவை அடுத்த ஈஸ்ட் பாயின்ட் ஊரின் டிரை-சிட்டீஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர்கள். ரிக்கோ வேட் என்னும் இளைஞர் வேலை பார்த்த அழகுப் பொருள் கடையின் வெளியே, வேறொரு குழுவின் பாடலுக்குரிய பீட்டை ஒலிக்கவிட்டு இருவரும் இடைவிடாது ராப் செய்து காட்டினர். அதில் மனம் கவரப்பட்ட வேட், அவர்களைத் தம் தாயார் வீட்டின் நிலவறைக்கு அழைத்துச் சென்றார். பூசப்படாத சுவர்களும் மண் தரையும் கொண்ட அந்த அறை 'டஞ்சன்', அதாவது பாதாளச் சிறை, என நகைச்சுவையாக அழைக்கப்பட்டது. அங்குக் கூடிய கலைஞர்கள் பின்னாளில் 'டஞ்சன் ஃபேமிலி' எனப் பெயர் பெற்றனர்.

ரிக்கோ வேட், ரே மர்ரி, ஸ்லீப்பி பிரவுன் ஆகிய மூவரும் சேர்ந்த தயாரிப்புக் குழுவின் பெயர் ஆர்கனைஸ்டு நாய்ஸ். எல். ஏ. ரீட், பேபிஃபேஸ் ஆகியோர் நடத்திய லாஃபேஸ் நிறுவனம் இவர்கள் வழியாக அவுட்காஸ்டை ஒப்பந்தம் செய்தது. அந்நிறுவனம் ஒப்பந்தம் செய்த முதல் ராப் குழு இதுவே.

ஆறு இசைத்தொகுப்புகள்

சதர்ன்பிளேயலிஸ்டிக்காடிலாக்மியூசிக் (1994)

ஏப்ரல் 26, 1994 அன்று வெளியான முதல் தொகுப்பு முழுவதையும் ஆர்கனைஸ்டு நாய்ஸ் தயாரித்தது. அக்காலத்தில் நியூயார்க் ராப் பெரிதும் சாம்பிள்களை நம்பியிருந்தது. இத்தொகுப்பிலோ கிட்டார், ஆழ்சுர கிட்டார், விசைப்பலகை ஆகியவற்றை இசைஞர்கள் நேரடியாக வாசித்தனர். 1970களின் சோல், ஃபங்க் இசைகளின் சாயலும் தேவாலய இசையின் கனிவும் இதில் கலந்திருந்தன. நகரும் காருக்குள் கேட்பதற்கென்றே அமைந்தது போன்ற மெதுவான நடை இதன் அடையாளம்.

முன்னரே 1993இல் 'பிளேயர்ஸ் பால்' என்ற பாடல் லாஃபேஸின் கிறிஸ்துமஸ் தொகுப்புக்காக உருவாக்கப்பட்டு, ராப் பாடல்களின் தரவரிசையில் முதலிடம் பெற்றிருந்தது. அப்போது இருவருக்கும் வயது பதினெட்டு. சொல்லாட்சியில் இருவரும் அந்த வயதுக்கு மீறிய தேர்ச்சியைக் காட்டினர். எனினும் பாடுபொருள் கார், கேளிக்கை, தெரு வாழ்க்கை ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் அமைந்தது. ஒலி அவர்களுடையதன்று, அவர்களை வளர்த்தவர்களுடையது. இத்தொகுப்பின் வலிமையும் வரம்பும் அதுவே எனலாம்.

1995 ஆகத்து 3 அன்று நியூயார்க்கில் நடைபெற்ற சோர்ஸ் இதழின் விருது விழாவில் அவுட்காஸ்ட் சிறந்த புதிய குழுவுக்கான விருதைப் பெற்றது. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே பகைமை முற்றியிருந்த அவ்விழாவில், விருது பெற மேடையேறிய தென்னக இளைஞர்களை அவையோர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். ஒலிபெருக்கி முன் நின்ற ஆன்ட்ரே, தென்னகத்துக்கும் சொல்ல ஒரு சேதி உண்டு என்ற கருத்தில் சில சொற்களை மட்டும் கூறி இறங்கினார். தென்னக ராப் வரலாற்றில் இந்நிகழ்வு ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. அடுத்த தொகுப்பின் ஒலியிலும் இதன் தாக்கம் தெரிகிறது.

ஏடிஏலியன்ஸ் (1996)

ஆகத்து 27, 1996 அன்று வெளியான இரண்டாம் தொகுப்பின் பெயர், அட்லாண்டாவின் சுருக்கப் பெயரையும் வேற்றுக்கோள் வாசி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையும் இணைத்து ஆக்கப்பட்டது. இகழ்ந்து ஒதுக்கப்பட்டவர்கள் அந்த ஒதுக்கலையே தம் பெயராக ஏற்றுக்கொண்டனர். குறுவட்டுடன் வந்த கையேடு சித்திரக்கதையாக அமைக்கப்பட்டிருந்தது.

முதல் தொகுப்பில் கிடைத்த வருவாயைக் கொண்டு இருவரும் ஒலிப்பதிவுக் கருவிகளை வாங்கிப் பீட் அமைக்கப் பழகினர். நண்பரான மிஸ்டர் டிஜேயுடன் சேர்ந்து இத்தொகுப்பின் சில பாடல்களைத் தாமே தயாரித்தனர். எஞ்சியவற்றை ஆர்கனைஸ்டு நாய்ஸ் தயாரித்தது. இருவரும் தாமே தயாரித்த 'எலிவேட்டர்ஸ்' முதற்பாடலாக வெளியிடப்பட்டு, பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 12ஆம் இடம் வரை சென்றது. இக்குழுவின் கதையையே சொல்லும் அப்பாடலில் தாளமும் ஆழ்சுரமும் தவிர வேறு ஒலிகள் மிகக் குறைவு. எதிரொலியும் வெற்றிடமும் மிகுந்த அமைப்பு, கேட்பவருக்கு விண்வெளியில் மிதக்கும் உணர்வைத் தருகிறது.

பாடுபொருளும் மாறியது. ஆன்ட்ரே மதுவையும் புகையையும் கைவிட்டு மரக்கறி உணவுக்கு மாறியிருந்தார். பிக் பாய் தந்தையாகியிருந்தார். புகழ் வந்த பின்னும் பணம் போதாமை, பழைய நண்பர்களின் எதிர்பார்ப்பு, பெற்றோராதல் ஆகியவை பாடல்களுள் நுழைந்தன. முதல் தொகுப்பின் இனிமையை எதிர்பார்த்தவர்களுக்கு இத்தொகுப்பு முதலில் குளிர்ச்சியாகத் தோன்றலாம். மறுமுறை கேட்கும்போது அதன் அமைதியே அதன் ஆழம் என்பது புலப்படும்.

அக்வெமினி (1998)

செப்டம்பர் 29, 1998 அன்று வெளியான மூன்றாம் தொகுப்பு. பிக் பாயின் கும்ப இராசியையும் ஆன்ட்ரேயின் மிதுன இராசியையும் குறிக்கும் ஆங்கிலப் பெயர்களை இணைத்து இதற்குப் பெயரிடப்பட்டது. இக்காலத்தில் இருவரின் தோற்றமும் போக்கும் வெகுவாக வேறுபட்டிருந்தன. ஆன்ட்ரே தலைப்பாகையும் விந்தையான உடைகளும் அணியத் தொடங்கியிருந்தார். பிக் பாய் தெருவின் நடையை விடாதிருந்தார். இருவரும் பிரியப் போகின்றனர் என்ற பேச்சுக்கு விடையாகவே இப்பெயர் அமைந்தது. தலைப்புப் பாடல் உலகின் நிலையாமையையும் தம் நட்பையும் ஒருசேரப் பேசுகிறது.

பாடல்களிற் பெரும்பகுதியை இருவரும் மிஸ்டர் டிஜேயும் தயாரித்தனர். ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைஞர்கள் கூடி நெடுநேரம் வாசித்து, அவ்வாசிப்பிலிருந்து பாடல்கள் உருவாயின. 'ரோசா பார்க்ஸ்' பாடலின் நடுவே ஆன்ட்ரேயின் மாற்றுத் தந்தையும் போதகருமான ஒருவர் ஹார்மோனிகா வாசிக்க, கைத்தட்டலும் கால்தட்டலும் சேர்ந்து அது நாட்டுப்புறக் கொண்டாட்டமாகிறது. குடியுரிமைப் போராளி ரோசா பார்க்சின் பெயரைப் பயன்படுத்தியது தொடர்பாக 1999இல் தொடரப்பட்ட வழக்கு 2005இல் சமரசமாக முடிந்தது.

'ஸ்பாட்டியாட்டிடோப்பலிஷியஸ்' என்ற ஏழு நிமிடப் பாடலில் ராப் இல்லை. ஊதுகருவிகள் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப முழங்க, இளமையின் கேளிக்கையும் அதன் பின் வரும் குடும்பப் பொறுப்பும் பேச்சு நடையில் சொல்லப்படுகின்றன. 'டா ஆர்ட் ஆஃப் ஸ்டோரிடெல்லின்' பாடலில் சிறுவயதுத் தோழி ஒருத்தியின் கதையை ஆன்ட்ரே சொல்கிறார். போதைப்பொருளால் முடிந்த அவ்வாழ்க்கையைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்துவதில்லை. நியூயார்க்கின் வூ-டாங் கிளான் குழுவைச் சேர்ந்த ரேக்வான் ஒரு பாடலில் பங்கேற்றார். மூன்றாண்டுகளுக்கு முன் தம்மை இகழ்ந்த நகரிலிருந்து ஒரு கலைஞர் விருந்தினராக வந்தது குறிப்பிடத்தக்கது. சோர்ஸ் இதழ் இத்தொகுப்புக்குத் தனது உச்ச மதிப்பீடான ஐந்து ஒலிவாங்கிகளை வழங்கியது.

ஸ்டாங்கோனியா (2000)

அக்டோபர் 31, 2000 அன்று வெளியானது. அட்லாண்டாவில் இருவரும் சொந்தமாக வாங்கிய ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயரே தொகுப்பின் பெயராயிற்று. வாடகைக் கூடத்தில் ஓடும் கடிகாரத்துக்கு அஞ்சாமல் சோதனைகள் செய்ய இது வழிவகுத்தது.

'பி.ஓ.பி.' பாடல் இத்தொகுப்பின் துணிவுக்குச் சான்று. ராப் பாடல்கள் பொதுவாக நிமிடத்துக்கு 80 முதல் 100 தட்டுகள் வரையிலான வேகத்தில் அமைந்த காலத்தில், இது ஏறத்தாழ 155 தட்டுகளில் ஓடியது. இங்கிலாந்தின் 'டிரம் அண்ட் பேஸ்' நடன இசையின் தாளம், ராக் கிட்டார், தேவாலயச் சேர்ந்திசை ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. வானொலிகள் இதனை அதிகம் ஒலிபரப்பவில்லை. ஆயினும் 2009இல் பிட்ச்ஃபோர்க் இதழ் அப்பத்தாண்டின் சிறந்த பாடலாக இதனைத் தேர்ந்தெடுத்தது.

இதற்கு நேர்மாறாக 'மிஸ் ஜாக்சன்' பெரும் வரவேற்பைப் பெற்று, 2001 பெப்ரவரியில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் அடைந்தது. உறவு முறிந்தபின் தன் குழந்தையின் பாட்டியிடம் ஒருவன் மன்னிப்புக் கோருவதாக அமைந்தது அப்பாடல். ராப் இசையில் அரிதான இப்பொருளை, பின்னோக்கி ஒலிப்பது போன்ற தாள ஒலிகளின் மேல் இருவரும் இரு வேறு மனநிலையில் நின்று பாடினர். ஒருவர் வருந்துகிறார், மற்றவர் சினக்கிறார். ஒரே பாடலில் இரு குணங்கள் மோதும் இவ்வமைப்பே இக்குழுவின் தனிச்சிறப்பாகும். 2002 கிராமி விழாவில் இத்தொகுப்பு சிறந்த ராப் தொகுப்புக்கான விருதையும், இப்பாடல் இருவர் அல்லது குழுவுக்கான ராப் விருதையும் பெற்றன.

குறை கூறுவோரும் இல்லாமலில்லை. சுமார் 73 நிமிடங்கள் ஓடும் இத்தொகுப்பில் பாடல்களுக்கு இடையே பல நகைச்சுவைத் துணுக்குகள் வருகின்றன. பிற்பகுதியில் சில பாடல்கள் முற்பகுதியின் விறுவிறுப்பை எட்டவில்லை என்பது கேட்போர் பலரின் கருத்தாகும்.

ஸ்பீக்கர்பாக்ஸ் / த லவ் பிலோ (2003)

செப்டம்பர் 23, 2003 அன்று வெளியான இரட்டைத் தொகுப்பு. முதற்குறுவட்டு பிக் பாயினுடையது, இரண்டாவது ஆன்ட்ரேயுடையது. பெயரளவில் அவுட்காஸ்ட் என வெளிவந்தாலும், உள்ளடக்கத்தில் இவை இரு தனியர் தொகுப்புகள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 135 நிமிடங்கள் ஓடுகின்றன.

பிக் பாயின் பகுதி அட்லாண்டா ராப், ஃபங்க், ஊதுகருவிகள் என்ற பழைய அடித்தளத்தின் மேல் நிற்கிறது. ஆன்ட்ரேயின் பகுதியிலோ ராப் மிகக் குறைவு. ஜாஸ், மின்னணு இசை, பாப் ஆகியவற்றில் அவர் பெரும்பாலும் பாடுகிறார். 'ஹே யா!' பாடலில் அவரே கிட்டாரை வாசித்தார். அதன் தாளக் கணக்கும் வழக்கத்துக்கு மாறானது. நான்கு எண்ணிக்கை கொண்ட மூன்று சுற்றுகள், இரண்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று, மீண்டும் நான்கு எண்ணிக்கை கொண்ட இரு சுற்றுகள் என 22 தட்டுகளில் ஒரு சுழற்சி முடிகிறது. துள்ளலான அந்த ஒலிக்கு அடியில், காதல் நிலைக்குமா என்ற ஐயத்தைச் சொற்கள் எழுப்புகின்றன. நடனமாடுவோர் பலர் அதனைக் கவனிப்பதில்லை.

'ஹே யா!' ஒன்பது வாரங்கள் ஹாட் 100 பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. அதனை அகற்றி முதலிடம் பிடித்தது பிக் பாயின் 'த வே யு மூவ்'. ஒரே குழுவின் இரு பாதிகள் முதலிடத்துக்குப் போட்டியிட்ட நிலை அது. 2004 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்னும் தலையாய விருது இதற்குக் கிடைத்தது. விற்பனையிலும் குழுவின் முந்தைய தொகுப்புகள் அனைத்தையும் இது விஞ்சியது.

ஐடில்வைல்ட் (2006)

ஆகத்து 22, 2006 அன்று வெளியானது. பிரையன் பார்பர் இயக்கத்தில் இருவரும் நடித்த அதே பெயருடைய திரைப்படத்துடன் இணைந்து வந்தது. படத்தின் கதை 1930களின் ஜார்ஜியாவில் நிகழ்வதால், புளூஸ், சுவிங், பழைய ஜாஸ் ஆகியவற்றின் சாயல் பாடல்களில் படிந்துள்ளது. 'மாரிஸ் பிரவுன்' பாடலில் அட்லாண்டாவின் மாரிஸ் பிரவுன் கல்லூரியின் அணிவகுப்பு வாத்தியக் குழு வாசித்தது.

இருபதுக்கு மேற்பட்ட தடங்கள் உள்ள இத்தொகுப்பில் இருவரும் சேர்ந்து ராப் செய்யும் பாடல்கள் மிகச் சிலவே. விமர்சகர்களின் கருத்து இருவேறாக இருந்தது. தனிப் பாடல்கள் சில போற்றப்பட்டன. முழுமையான தொகுப்பு என்ற நிலையில் இது சிதறிக் கிடப்பதாகப் பலர் எழுதினர். அவுட்காஸ்டின் பெயரில் வெளிவந்த கடைசி இசைத்தொகுப்பு இதுவே.

மாற்றத்திற்கான காரணங்கள்

* தயாரிப்புப் பொறுப்பு: முதல் தொகுப்பில் முற்றிலும் ஆசிரியர்களிடம் இருந்த ஒலி, இரண்டாவதில் பகிரப்பட்டு, மூன்றாவது முதல் பெரிதும் கலைஞர்களின் கைக்கு வந்தது. ஆசிரியர்கள் முற்றிலும் விலகவில்லை. 'சோ ஃபிரெஷ், சோ கிளீன்' போன்ற பிற்காலப் பாடல்களையும் ஆர்கனைஸ்டு நாய்ஸ் தயாரித்தது.
* கருவிகளும் இடமும்: நிலவறை, வாடகைக் கூடம், சொந்தக் கூடம் என்ற வரிசையில் வேலை செய்யும் இடம் மாறியது. 2003 அளவில் இருவரும் வெவ்வேறு இடங்களில் தனித்தனியே பதிவு செய்யும் வசதி பெற்றிருந்தனர்.
* குறுவட்டின் நீளம்: ஒரு குறுவட்டு சுமார் 74 முதல் 80 நிமிடங்கள் வரை கொள்ளும். 1990களின் பிற்பகுதியில் அந்நீளம் முழுவதையும் நிரப்புவது ராப் உலகின் வழக்கமாயிற்று. ஏறத்தாழ 57 நிமிடங்களே ஓடும் ஏடிஏலியன்ஸ் கட்டுக்கோப்பாக இருப்பதற்கும், பிற்காலத் தொகுப்புகள் தளர்ந்து தோன்றுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.
* வயதும் வாழ்க்கையும்: பதினெட்டு வயதில் தொடங்கியவர்கள் முப்பதைக் கடந்தபோது ஆறாவது தொகுப்பு வந்தது. இடையில் இருவரும் தந்தையராயினர். தெருக் கதைகள் மட்டுமே அவர்களுக்குப் போதுமானவையாக இல்லை.

தரம் பற்றிய கருத்துகள்

விற்பனையைக் கொண்டு அளந்தால் ஐந்தாவது தொகுப்பே உச்சம். தனிப்பாடல்களின் துணிவைக் கொண்டு அளந்தால் நான்காவது. ஒரு தொகுப்பைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே படைப்பாகக் கேட்போர் பெரும்பாலும் மூன்றாவதையே முதலிடத்தில் வைக்கின்றனர். இரண்டாவதன் அமைதியை அதற்கும் மேலாக மதிப்போரும் உளர்.

இக்கருத்து வேறுபாடுகளுக்கு இடையிலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இக்குழுவின் மிகச் சிறந்த பாடல்களில், ஒத்துப்போகாத இரு குரல்கள் ஒரே பீட்டின் மேல் அருகருகே நிற்கின்றன. ஆன்ட்ரேயின் கற்பனை மிதமிஞ்சும்போது பிக் பாயின் துல்லியமான தாளக்கட்டு அதனை மண்ணுக்கு இழுத்தது. பிக் பாயின் நடை பழகிப்போகும்போது ஆன்ட்ரேயின் புதுமை அதனைக் கிளறியது. ஐந்தாவது தொகுப்பில் இருவரும் தத்தம் விருப்பப்படி எதனையும் செய்யும் உரிமை பெற்றனர். வேண்டாம் என்று சொல்ல அருகில் மற்றவர் இல்லை. ஒலியின் எல்லை விரிந்ததும் ஒருமை தளர்ந்ததும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் எனக் கொள்ள இடமுண்டு. ஆகவே ஆறாவது தொகுப்பின் தளர்ச்சியைத் திறமை வற்றியதன் அடையாளமாகக் கொள்வது பொருந்தாது. அதே ஆண்டுகளில் இருவரும் பிறர் பாடல்களில் தோன்றிச் செய்த ராப், அவர்களின் சொல்லாற்றல் குறையவில்லை என்பதைக் காட்டுகிறது.

பிற ராப் கலைஞர்களுடன் ஒப்பீடு

நியூயார்க்கின் நாஸ், அவுட்காஸ்டின் முதல் தொகுப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, ஏப்ரல் 19, 1994 அன்று 'இல்மாட்டிக்' என்ற தம் முதல் தொகுப்பை வெளியிட்டார். சிறிய, குறையற்ற அத்தொகுப்புடனேயே அவருடைய பின்னாளைய படைப்புகள் அனைத்தும் ஒப்பிடப்பட்டன. அவருக்குக் கிராமி விருது கிடைத்தது 2021இல்தான். தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டவர் தம் நிழலுடன் போராட நேர்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பீஸ்டி பாய்ஸ் குழு 1986இல் ராக் இசை கலந்த ஆரவாரமான ராப்புடன் தொடங்கி, 1989இல் சாம்பிள்களை அடர்த்தியாகப் பின்னிய 'பால்ஸ் புட்டீக்' தொகுப்பையும், 1992இல் தாமே கருவிகளை வாசித்த 'செக் யுவர் ஹெட்' தொகுப்பையும் வெளியிட்டது. வெளியானபோது விற்பனையில் ஏமாற்றமளித்த 'பால்ஸ் புட்டீக்' பின்னர் பெரிதும் போற்றப்பட்டது. கென்ட்ரிக் லமார் 2015இல் 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' தொகுப்பில் ஜாஸ் இசைஞர்களுடன் இணைந்து தம் ஒலியை மாற்றியமைத்தார். ஒலியை மாற்றும் கலைஞர் பழைய கேட்போர் சிலரை இழப்பதும், காலம் கடந்து மதிப்பிடப்படுவதும் இத்துறையில் வழக்கமானவை.

பிற்கால நிலை

2006க்குப் பின் குழு முறைப்படி கலைக்கப்படவில்லை. புதிய தொகுப்பும் வரவில்லை. பிக் பாய் 2010, 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் தனியர் தொகுப்புகளை வெளியிட்டார். அவற்றுள் 2010இல் வந்த 'சர் லூசியஸ் லெஃப்ட் ஃபுட்' விமர்சகர்களால் பெரிதும் பாராட்டப்பட்டது. முதல் தொகுப்பின் இருபதாம் ஆண்டை ஒட்டி, 2014இல் இருவரும் நாற்பது அளவிலான இசை விழாக்களில் ஒன்றாக மேடையேறினர்.

ஆன்ட்ரே 3000 நவம்பர் 17, 2023 அன்று 'நியூ புளூ சன்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதில் ராப் இல்லை. குழல் வகைக் கருவிகளை மையமாகக் கொண்ட இசையே உள்ளது. தம் வயதில் ராப் செய்வதற்குரிய பொருள் தம்மிடம் இல்லை எனத் தோன்றுவதாக அவர் அப்போது நேர்காணலில் தெரிவித்தார். அதன் முதல் தடம் 12 நிமிடங்களுக்கும் மேல் ஓடுவது. ஹாட் 100 பட்டியலில் இடம்பெற்ற மிக நீளமான பாடல் என்ற சிறப்பை அது அப்போது பெற்றது.

தம் தாயாரின் நிலவறையைத் திறந்துவிட்ட ரிக்கோ வேட் 2024 ஏப்ரலில் காலமானார். 2025இல் அவுட்காஸ்ட் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. 1995இல் அவையோரால் இகழப்பட்ட நகரான அட்லாண்டா, அதற்குள் அமெரிக்க ராப் இசையின் முதன்மை மையங்களுள் ஒன்றாகியிருந்தது. டஞ்சன் ஃபேமிலியின் இளைய தலைமுறையைச் சேர்ந்த ஃபியூச்சர், ஸ்டாங்கோனியாவில் அறிமுகமான கில்லர் மைக், ஐடில்வைல்டில் பாடிய ஜனெல் மொனே ஆகியோர் இம்மரபிலிருந்து வளர்ந்தவர்கள்.

இசைத்தொகுப்புகளின் பட்டியல்

* 1994 – சதர்ன்பிளேயலிஸ்டிக்காடிலாக்மியூசிக்
* 1996 – ஏடிஏலியன்ஸ்
* 1998 – அக்வெமினி
* 2000 – ஸ்டாங்கோனியா
* 2003 – ஸ்பீக்கர்பாக்ஸ் / த லவ் பிலோ (இரட்டைத் தொகுப்பு)
* 2006 – ஐடில்வைல்ட்

2001இல் வெளியான தேர்ந்தெடுத்த பாடல்களின் திரட்டு இப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* ராப் இசை
* ஹிப் ஹாப் பண்பாடு
* ஃபங்க் இசை
* அட்லாண்டா
* கிராமி விருது